படுக்கையறையில் நான்கு டயர்கள்

மழை வரும்போது குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மறந்து வைத்துவிட்டுப் போகிறவரைச் சொல்லவில்லை. அவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. வானத்தை அண்ணாந்து பார்த்து, "பெரிய மழையா வரும்போல இருக்கு" என்று சொல்லி, கையில் இருக்கிற குடையை மடித்து, அதன் உறைக்குள் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிறவரைச் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால், "நல்ல குடை, நனைஞ்சுடும்" என்பார். இருபத்தைந்து வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் நனைகிறார். குடை நனைவதில்லை.

இந்த இனத்துக்கு எடுத்துவைப்பவர் என்று நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன். கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். கஞ்சர் வாங்கவே மாட்டார். எடுத்துவைப்பவர் வாங்குவார், கடையில் இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து வாங்குவார், வாங்கிய பிறகு அதற்கு ஒரு கெடுதலும் வராமல் காப்பாற்றுவார். ஒரு பொருளுக்கு வரக்கூடிய பெரிய கெடுதல் எது? அதை யாராவது உபயோகிப்பதுதான்.

இவர்கள் வீட்டில் செருப்புக்குக்கூடப் பதவி உயர்வு உண்டு. புதிதாக வாங்கிய செருப்பு பெட்டிக்குள் போகும். ஏற்கெனவே பெட்டிக்குள் இருந்தது வாசல் பலகைக்கு வரும். பலகையில் காத்திருந்தது காலுக்கு வரும். காலுக்கு வந்து சேர்வதற்குள் அதற்கு ஓய்வுபெறும் வயது ஆகியிருக்கும். எடுத்துவைப்பவரின் காலில் புதுச் செருப்பைப் பார்த்தவர் உலகத்தில் ஒருவர்தான்: அளவு பார்த்துக் கொடுத்த கடைக்காரர். தொலைக்காட்சி ரிமோட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். உறை அழுக்காகாமல் இருக்க அதற்கு மேல் இன்னொரு உறை இருக்கும். சத்தத்தைக் குறைக்க அழுத்தினால் சேனல் மாறும். சேனலை மாற்ற அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஆனால் எண்கள் அழியவில்லை பாருங்கள்.

இவ்வளவு நுணுக்கமாக எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரைப் பற்றி எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இப்படிப்பட்டவர் ஒரு கார் வாங்கினால் என்ன ஆகும்? குடையைப் பூட்டலாம், செருப்பைப் பெட்டிக்குள் போடலாம். கார் என்றால் எப்படியும் கொஞ்சமாவது ஓடித்தான் ஆக வேண்டும். இருக்கைகளில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை அவர் உரிக்கவில்லை. வெயில் நாளில் உட்கார்ந்து எழுந்தால் நம் தோல்தான் உரியும். கதவின் உள்பக்கம், மேல்பக்கம், கைப்பிடி எல்லாவற்றையும் ஏதாவது ஒன்றால் மூடினார். மூட முடியாமல் மிச்சம் இருந்தது டயர் ஒன்றுதான். அது வெட்டவெளியில், நேராகத் தரையில் பட்டுக்கொண்டிருந்தது. அதை நினைத்து அவர் பட்ட வேதனை கொஞ்சமில்லை. வேலையிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு டயரையும் குனிந்து விரலால் தடவுவார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தடவிப் பார்க்கிற மாதிரி இருக்கும். "இன்னைக்குக் கொஞ்சம் போயிடுச்சு" என்பார். எங்கே போயிற்று? சாலைக்குத்தான். சாலைக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்பது அவர் கேள்வி.

எவ்வளவு தடவினாலும் டயர் தேயத்தான் செய்தது. ஒரு கட்டத்தில் நாலும் மொட்டையாகிவிட்டன. அந்தச் சமயத்தில் எனக்கும் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. என் தங்கை கல்யாணமாகி மலைமேல் குடியிருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து காரில் மூன்று மணி நேரம். படியில் விழுந்து முழங்காலில் தகடு வைத்த பிறகு அவளால் மலையை விட்டு இறங்க முடியவில்லை. நான்தான் போக வேண்டும். மொட்டை டயரோடு மலை ஏற முடியாது என்று இவர் சொன்னார், அது நியாயம். பஸ்ஸில் போய் வருகிறேன் என்றேன்.

"வாசல்ல கார் நிக்குது. நீ பஸ்ல போனா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

பார்க்கிறவர்கள் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே, டயர் வாங்கினால்தான் தங்கையைப் பார்க்கலாம் என்று ஆயிற்று.

டயர் கடைக்கு ஒன்பது முறை போனோம். மற்றவர்கள் டயர் வாங்கும்போது விலை கேட்பார்கள், பெயர் கேட்பார்கள். இவர் முகர்ந்து பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் அழுத்தி, பள்ளம் எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார். எதிர்ச் சுவர் ஓரமாக டயர்களை நிற்கவைத்து, தூரத்திலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கடைக்காரர் நல்ல மனிதர், பொறுமைசாலி, முழங்கை வரைக்கும் கறுத்த கையை ஒரு கந்தலில் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

"எவ்வளவு நாள் வரும்?"

"அது நீங்க ஓட்டறதைப் பொறுத்தது சார்."

"கொஞ்சமா ஓட்டினா?"

"கொஞ்சம் கூடுதலா வரும்."

"ரொம்பக் கொஞ்சமா ஓட்டினா?"

"ரொம்ப நாள் வரும்."

"ஓட்டவே இல்லைன்னா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

ஒன்பதாவது முறை நான்கு டயர்களைத் தேர்ந்தெடுத்தார். நாலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி, ஆழமான வரிகளோடு, பக்கவாட்டில் சிறு சிறு முட்களோடு பளபளவென்று இருந்தன. "மலை ரோட்டுக்கு இதை அடிச்சுக்க ஆள் இல்ல சார். மழையில ஏறினாலும் வழுக்காது" என்றார் கடைக்காரர். மலை என்ற சொல்லைக் கேட்டதும் தங்கைக்கு என்னென்ன எடுத்துப் போகலாம் என்று நான் மனத்துக்குள் மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

"வண்டியை ஜாக்கியில ஏத்தட்டுமா சார்?"

"வேணாம். டயரை வண்டியில ஏத்துங்க."

கடைக்காரர் கந்தலைக் கீழே போட்டுவிட்டார். "பழசைக் கழட்ட வேணாமா?"

"பழசுல இன்னும் கொஞ்சம் இருக்கு."

"என்ன சார் இருக்கு? இன்னும் ரெண்டு நாள் ஓட்டினா உள்ள இருக்கிற காத்தையே கண்ணால பாக்கலாம்."

பின்பக்கப் பெட்டி இரண்டு டயர்தான் கொண்டது. மூன்றாவது டயர் முன் இருக்கையில் உட்கார்ந்தது. பெல்ட் போட்டு விட்டார், டயருக்கு. பின் இருக்கையில் நானும் நான்காவது டயரும் உட்கார்ந்து வந்தோம். தள்ளாத வயதில் நாலு பேர் சேர்ந்து நாலு வாலிபர்களைத் தோளில் சுமந்துகொண்டு போகிற மாதிரி, மொட்டை டயர்கள் புது டயர்களைச் சுமந்துகொண்டு வீடு வந்து சேர்ந்தன.

வெயில் படக் கூடாது, ஈரம் ஆகாது, எண்ணெய் ஆகவே ஆகாது என்று ஒவ்வோர் இடமாகக் கழித்துக்கொண்டே வந்ததில் எங்கள் படுக்கையறைதான் மிஞ்சியது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், நான் படுக்கிற பக்கமாக, நாலும் நின்றன. மேலே பூப்போட்ட போர்வை. அது நல்ல போர்வை. டயர் வந்த பிறகுதான் அதைப் பெட்டியிலிருந்து எடுத்தார். படுத்துவைத்தால் அழுந்திப்போகும் என்று நிற்கவைத்தவர், நின்றாலும் ஒரே பக்கம் பாரம் இறங்குமே என்று கவலைப்பட்டு, ஞாயிறுதோறும் ஒவ்வொன்றையும் கால் சுற்று உருட்டி வைத்தார். சாலையில் உருள வேண்டியவை ஊருக்குத் தெரியாமல் அறைக்குள் உருண்டன.

"அம்மா, நம்ம டயர் காரைவிட அதிகமா ஓடுது" என்றாள் என் மகள். அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வாய் கொஞ்சம் நீளம்.

"அதுமேல உக்காராத, வடிவம் போயிடும்" என்றார் அவள் அப்பா.

"வட்டம்தானேப்பா, போனா எங்க போகும்?"

என் புடவைகள் எல்லாம் ரப்பர் வாசம் அடித்தன. "புதுசா ஏதாவது கடை வெச்சிருக்கீங்களா?" என்று பக்கத்து வீட்டு அம்மா விசாரித்தார். வாரத்துக்கு ஒரு முறை போர்வையை விலக்கி, வரிகளுக்குள் துணியை விட்டு நான்தான் தூசி துடைத்தேன். காரின் டயரைத் துடைக்கிற பெண்கள் இருக்கலாம். கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துத் துடைக்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தங்கை போனில் கேட்டாள். "அக்கா, டயர் வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சு."

"அப்ப எப்ப வர்றீங்க?"

"டயர் இருக்கு. கார்ல இல்ல."

"பின்ன எங்க இருக்கு?"

"என் கட்டில் பக்கத்துல."

"லைன் சரியில்லை போலக்கா" என்று வைத்துவிட்டாள்.

இவரிடம் பேசிப் பார்க்காமல் இல்லை. பேசினேன்.

"மலை ரோடு அரம் மாதிரி இருக்கும். புது டயரைக் கொண்டுபோய் அதுல தேய்க்கச் சொல்றியா?" என்றார்.

"மலைக்கு நல்லதுன்னுதானேங்க வாங்கினீங்க?"

"மலைக்கு நல்லதுதான். டயருக்கு நல்லதில்ல."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? பழைய டயரில் மலை ஏறக் கூடாது. புது டயரில் மலை ஏற மனம் வராது. சமதரைக்குப் பழைய டயரே போதும். இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், என் தங்கை வீட்டுக்கு வழியே இல்லை என்று தெரியும். இப்படியே ஐந்து வருடம் போயிற்று. தங்கையின் முழங்கால் ஒரு மாதிரி ஆறி, கைத்தடியோடு நடக்க ஆரம்பித்தாள். அதையும் நான் போனில்தான் கேட்டேன். தடி தரையில் படுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

ஐந்தாம் வருடக் கடைசியில், ஒரு பட்டப்பகலில், நாற்சந்தியில் சிவப்பு விளக்குக்காக நின்றபோது முன் டயர் ஒன்றின் பக்கவாட்டில் தேங்காய் அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் இறங்கி வந்து, "சார், உங்க வண்டிக்குப் பல்வலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இனி வேறு வழியில்லை என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். எடுத்துவைப்பவரின் மூளையை நான் இன்னும் சரியாக அளக்கவில்லை.

"டயர் கடைக்குப் போவோம். தினப்படி ஓட்டறதுக்குச் சுமாரா ஒரு செட் வாங்கிப் போட்டுடலாம்" என்றார்.

"வீட்ல நாலு இருக்கே?"

"அது நல்லதாச்சே."

மறுபடியும் அதே கடை. கடைக்காரருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் மீதியும் நரைக்கப் போகிறது என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். சுமாரான டயர்களை எடுத்துப்போட்டார். இவர் முகர்ந்தார், நகத்தால் அழுத்தினார். ஆனால் இவர் கண் மெல்ல மெல்ல உள்சுவரில் இருந்த விலை உயர்ந்த டயர்களின் பக்கம் போயிற்று. கால் அந்தப் பக்கம் நகர்ந்தது. கை ஒன்றைத் தடவியது. "இது புதுசா வந்ததோ?" என்றார்.

அந்த நாலையும் வாங்கினால் என்ன நடக்கும் என்று எனக்குக் கண் முன்னால் தெரிந்தது. நல்லதாக இருக்கிறதே என்று அவையும் வீட்டுக்குள் வரும். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. நடுவில் நான். தங்கை மலைமேல். இன்னும் ஐந்து வருடம்.

கடைகளில் நான் பேசுவதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"அண்ணே, டயர் பக்கத்துல முட்டை மாதிரி ஒரு கோட்டுக்குள்ள நாலு எண் இருக்கே, அது என்ன?"

கடைக்காரர் திரும்பினார். "அதை யாருமே கேக்க மாட்டாங்களேம்மா. அது டயரோட பிறந்த தேதி. முதல் ரெண்டு எண் வருஷத்துல எத்தனையாவது வாரம், அடுத்த ரெண்டு எந்த வருஷம்."

"டயருக்குப் பிறந்த தேதி எதுக்கு?" என்றார் இவர், சிரித்துக்கொண்டே.

"வயசு தெரியறதுக்கு சார். ரப்பருக்கும் வயசாகும்ல. ஓட்டினாலும் ஆகும், ஓட்டலைன்னாலும் ஆகும்."

இவர் சிரிப்பு பாதியில் நின்றது. "நிழல்ல வெச்சா?"

"கொஞ்சம் மெதுவா ஆகும்."

"போர்வை போட்டு வெச்சா?"

"போர்வைக்குள்ள வயசாகும்."

அதற்குப் பிறகு நான் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன். "நம்ம வீட்ல இருக்கிறதுல முப்பத்தெட்டாவது வாரம்னு போட்டிருக்கு, அதுக்கு அஞ்சு வருஷம் முடிஞ்சுடுச்சு."

"அப்ப உடனே மாட்டிடுங்க சார்" என்றார் கடைக்காரர். "இன்னும் கொஞ்ச வருஷம் போனா அது வெடிப்பு விட்டுடும். அப்புறம் ஊஞ்சல்தான் கட்டலாம்."

இவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்குக்கூட அனுப்பாமல், காய்ச்சல் வராமல் பொத்திப் பொத்தி வளர்த்த பிள்ளைக்கு ஒரே நாளில் நரை விழுந்துவிட்டது என்று கேட்ட தகப்பன் மாதிரி நின்றார். அரை மணி நேரத்தில் வீட்டுக்குப் போய் நாலையும் எடுத்து வந்தோம். அவர் பக்கத்திலேயே நின்று மாட்டவைத்தார். பழையவை என்ன ஆயின என்று கேட்காதீர்கள். கொல்லையில் இருக்கின்றன. அவற்றில் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம்.

அந்த நாலு எண்ணுக்கு என்ன பொருள் என்று என் மகள் ஒரு மாதம் முன்பே எனக்குச் சொல்லியிருந்தாள். அதை இங்கே சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் வீட்டில் நான் சொன்னால் அது பேச்சு. கடையில் கடைக்காரர் சொன்னால் அது செய்தி.

அன்று மாலையே இவருக்கு வேறு கவலை பிடித்தது. "சும்மா நின்னாலும் வயசாகுதே. இன்னைக்கு ஒரு நாள் வீணாப் போச்சு" என்று கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். எட்டு மணிக்குச் சொன்னார்: "நாளைக்கு உன் தங்கச்சி வீட்டுக்குப் போறோம்."

மூன்று மணி நேரப் பயணத்துக்கு ஏழு மணி நேரம் ஆயிற்று. மலைச் சாலையில் சரளைக்கல் கொட்டிய இடம் வரும்போதெல்லாம் வண்டியை நிறுத்தி, பாரம் குறையட்டும் என்று என்னையும் மகளையும் இறக்கிவிட்டார். நாங்கள் நடந்து முன்னால் போய்க் காத்திருப்போம். அவர் ஆமை மாதிரி பின்னால் வருவார். "அப்பா, நாங்க நடந்தே போயிடறோம். நீங்க டயரைக் கூட்டிட்டு வாங்க" என்றாள் மகள். மலைக்குப் போகிற பஸ் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போயிற்று. பிறகு அது எதிரே இறங்கி வந்தது. பிறகு மறுபடியும் முந்திக்கொண்டு போயிற்று. இரண்டாவது முறை நடத்துனர் எங்களுக்குக் கை காட்டினார்.

தங்கை கைத்தடியோடு வேலிக் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். மதியத்திலிருந்து நிற்கிறாளாம். என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, "வளையல் லூசா இருக்கே" என்றாள். ஐந்து வருடமாகச் சேர்த்துவைத்த பேச்சை எல்லாம் விட்டுவிட்டு, போனில் மட்டும் கேட்ட அந்தக் கைத்தடியை நான் தடவிப் பார்த்தேன். பிறகு அவள் கேட்டாள்: "அத்தான் எங்க?"

அத்தான் வண்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, டயர் வரிகளுக்குள் சிக்கிய கற்களை வீட்டுச் சாவியால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"என்னத்தான், முதல்ல கால் கழுவறீங்களா, டயர் கழுவறீங்களா?"

"ரெண்டு பக்கெட் கொண்டா" என்றார், தலையைத் தூக்காமலே.

மூன்றாம் நாள் கிளம்பும்போதுதான் தங்கை வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அவர் லாரி ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். "ஏறும்போது ஒண்ணும் தெரியாதுங்க. இறங்கும்போதுதான் வளைவுக்கு வளைவு பிரேக் போட்டு, டயரைத் தின்னுடும்" என்று சும்மா சொல்லிவைத்தார்.

இவர் கார் கதவைத் திறந்த கையோடு நின்றுவிட்டார். கீழே பாம்பு மாதிரி போகிற சாலையைப் பார்த்தார். வீட்டுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த கொட்டகையைப் பார்த்தார். உள்ளே போய்ச் சுவரைத் தொட்டார், சில்லென்று இருந்தது. வெயில் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டார். எந்தப் பக்கமும் வராது என்றாள் தங்கை.

"வண்டி இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

நாங்கள் மூவரும் பஸ்ஸில் மலை இறங்கினோம். ஜன்னல் ஓரம் எனக்குக் கிடைத்தது. நடத்துனர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "கார் என்ன ஆச்சுங்க?" என்று கேட்டார். "நல்லா இருக்கு" என்றார் இவர்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும் எழுந்து போய் உங்கள் அலமாரியின் மேல்தட்டை ஒரு முறை திறந்து பாருங்கள். விருந்தாளிக்கு என்று வாங்கிய ஆறு கண்ணாடிக் கோப்பைகள் வைக்கோலோடு அப்படியே இருக்கின்றனவா? விருந்தாளி வந்த அன்று, "இவங்களுக்கு எதுக்கு அது" என்று ஓரம் உடைந்ததில் தேநீர் கொடுத்தது யார்? புதுப் போனின் முகத்தில் ஒட்டி வந்த தாளை, ஓரம் சுருண்டு அழுக்குப் பிடித்த பிறகும், அழுத்தி அழுத்தித் தடவிக்கொண்டிருப்பது யாருடைய கட்டைவிரல்? போகட்டும், அதற்கு மேல் நான் கேட்க மாட்டேன். கடையில் டயர் வாங்கும்போது "ஓட்டவே இல்லைன்னா?" என்று கேட்கத் தோன்றினால் மட்டும், கூட வந்தவர் தரையைப் பார்க்கிறாரா என்று ஒரு முறை திரும்பிப் பாருங்கள்.

இப்போது ஏழு மாதம் ஆகிறது. கார் மலைமேல் கொட்டகையில் இருக்கிறது. டயர் எப்படி இருக்கிறது என்று பார்த்து, வண்டியை ஒரு முழம் முன்னால் தள்ளி ஒரு முழம் பின்னால் தள்ளிவிட்டு வருவதற்காக, மாதத்தின் முதல் சனிக்கிழமை இவர் பஸ் ஏறுகிறார். தனியாகத் தள்ள முடியாது என்று என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார். இரண்டு நாள் தங்குகிறோம். தள்ளுவதற்குப் பத்து நிமிடம் ஆகும். மீதி நேரம் நானும் தங்கையும் பேசிக்கொண்டிருக்கிறோம்.